அவன் திரும்பி வரும் படம்

நவ. 12, புதன்

விடியலிலிருந்தே மழை. வெடி காயாது. கம்பெனி லீவு, வேன் வரவில்லை.

மதியம் உள்ளூர் கேபிளில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பேர் போடும் இடமெல்லாம் ஒரே கீறல். நடித்தவர்களில் ஒருத்தர்கூடத் தெரிந்த முகமில்லை. புருஷன் விட்டுவிட்டுப் போகிறான். ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் வாசலுக்கு ஓடுகிறாள். பாதியில் நிறுத்தி, மீதி நாளைக்காம்.

மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. "இதான் தாயி அந்தப் படம்! சாத்தூர் கொட்டகைல பாத்தேன்னு சொல்லுவேம்லா. கடைசில வந்துருவான். எம் மகனும் வருவான், இரு."

அவர் திருப்பூரில் இன்னொருத்தியோடு தங்கிய நாளிலிருந்து இதே பேச்சு. மதுரை அண்ணன் எத்தனை தடவை கூப்பிட்டார். ஒரு படத்தை நம்பித்தான் போகவில்லை என்றால் ஊர் சிரிக்கும். ஆனால் உண்மை.

நவ. 13, வியாழன்

தூறல். லீவு. ரேஷனில் பருப்பு இல்லை.

மீதிப் படம் போட்டதும் அத்தை டிவியை அணைத்துவிட்டார். தலைவலியாம். நேற்று அந்தக் குதி குதித்தவர்.

நவ. 14, வெள்ளி

வெயில். வேலை. வெடிச்சரம் பின்னிப் பின்னி விரல் நுனி எரிகிறது. பக்கத்தில் பின்னும் மாரியம்மாள் நேற்று முழுசாகப் பார்த்திருக்கிறாள்.

"கடைசில வந்துட்டானாக்கா?"

"எங்கன வந்தான்? அவதான் வாசலப் பாத்துக்கிட்டே செத்துப்போனா. எனக்குச் சோறே எறங்கல."

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"முடிவு தெரியாதா அத்தை ஒங்களுக்கு?"

கீரை உருவிக்கொண்டிருந்தார். "தெரியும்."

"பெறகு எதுக்கு அப்படிச் சொன்னீக?"

"நீ போயிட்டா எனக்கு யாரு தாயி இருக்கா?"

கத்தினேன். கீரைச் சட்டியைத் தூக்கி எறிந்தேன். திருப்பூரில் இருக்கிற அவன்மேல்கூட இவ்வளவு கோபம் வந்ததில்லை. அவன்தான். இனி 'அவர்' கிடையாது. இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

நவ. 15, சனி

அண்ணனுக்கு போன். வாரேன் என்றேன். "நாளைக்கே வண்டி கொண்டாரேன்" என்றார்.

திரும்பினால், அத்தை என் சேலைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறார். கசங்கக்கூடாதென்று பட்டுச்சேலை மேலே. கோபம் போகவில்லை. ஆனாலும் அண்ணனுக்குத் திரும்ப போன் போட்டேன்.

"அண்ணே, ரெண்டு பேரா வந்தா ஆகுமா?"

"கூட யாரு?"

"அத்தை."

"அந்தப் பய அம்மாவையா? ஒங்க மதினிகிட்ட கேட்டுச் சொல்லுதேன்."

நவ. 16, ஞாயிறு

மேகமூட்டம். அத்தைக்குத் தலை வாரிவிட்டேன். பைகள் வாசலில். மத்தியானச் சோறு ஆறிப்போச்சு. வண்டி இல்லை, போனும் இல்லை. நான் போட்டால் எடுக்கவில்லை.

"வருவாகளா தாயி?"

"வந்துருவாக அத்தை" என்றேன்.