சேயோன் விட்டுப்போன பெட்டி

ஒக்டோபர் 5, 2024, சனி, ஸ்டுட்கார்ட்

இன்று சமையல் இல்லை. நேற்றைய பருப்பும் பாணும்தான். மாலை முழுவதும் நிலத்தில் வயர்களுக்கு நடுவே தவழ்ந்துகொண்டிருந்தேன்.

என் கணவன் சேயோன் வேறு வீடு பார்த்துப் போய் ஆறு மாதமாகிறது. மடிக்கணினியை மட்டும் கொண்டுபோனான். அம்ப்ளிஃபயர், இரண்டு பெரிய ஸ்பீக்கர், "டாக்" என்கிற சின்னக் கறுப்புப் பெட்டி எல்லாம் இங்கே ஊமையாகக் கிடக்கின்றன. கணினிக்குள் வெறும் இலக்கங்களாகக் கிடக்கும் பாட்டை ஒலியாக மாற்றுவது டாக்கின் வேலை. பதினொரு வருடம் அதற்குத் தூசு துடைத்தவள் நான். பொத்தானைத் தொட எனக்கு அனுமதி இருந்ததில்லை.

(கணவர்தான், ஆனாலும் அவன் என்றே எழுதப்போகிறேன். நாட்குறிப்பு என்னுடையது.)

என் பழைய மேசைக் கணினியை யூ.எஸ்.பி. வயரால் டாக்கோடு பூட்டினேன். பாட்டு வந்தது, கணினியின் சொந்தத் தகரக் குரலில். ஸ்பீக்கர்கள் இரண்டும் என்னைப் பார்த்தபடி சும்மா நின்றன.

ஒக்டோபர் 6

ஒலி எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கணினிக்குச் சொல்லவேண்டுமாம். சொன்னேன். பாட்டு ஸ்பீக்கரில் வந்தது! அதோடு ஓர் இரைச்சலும் — சுவருக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல "ம்ம்ம்ம்."

டார்ம்ஸ்டாட்டிலிருந்து என் அக்கா சஜிதா போன் எடுத்தாள். வண்டுக் கதையைச் சொன்னேன்.

"சேயோனைக் கூப்பிடன். வந்து ரெண்டு நிமிசத்திலை சரியாக்கிப் போடுவார். அப்பிடியே இருந்து கதைக்கலாம்."

"என்னத்தைக் கதைக்கிறது?"

"வயரைப் பற்றி. வயரிலை தொடங்கினா மற்றதுக்கும் வரலாம்தானே."

ஐக்கிய நாடுகள் சபைக்கு அக்காவை அனுப்பியிருக்கலாம்.

ஒக்டோபர் 9

பல் வைத்தியரிடம் வேலை. நாள் முழுக்கப் பல் துளைக்கிற சத்தம். வீட்டுக்கு வந்தால் ம்ம்ம்ம்.

போனில் அவன் நம்பரை எடுத்தேன். வைத்தேன். திரும்பவும் எடுத்தேன். இரைச்சலுக்காகத்தானா, பிரபாலினி? இல்லை... சாப்பிடேக்கை முன்னாலை ஒருத்தரும் இல்லை. அதுதான். வேறை ஒண்டுமில்லை.

அழைக்கவில்லை.

ஒக்டோபர் 12

இணையத்தில் தேடினேன். கணினியின் மின் இரைச்சல் உலோக வயர் வழியாக டாக்குக்குப் போகிறதாம். ஒளியைக் கடத்தும் வயர் ஒன்று இருக்கிறது. அதில் உலோகமே இல்லை, இரைச்சலுக்கும் வழியில்லை. என் கிழட்டுக் கணினியின் முதுகில் அதற்கு ஒரு துளை உண்டு! ஓடிப்போய் வயர் வாங்கிவந்து செருகினேன்.

இரைச்சல் போய்விட்டது. பாட்டும் போய்விட்டது. இரண்டு மொழியிலும் தெரிந்த தூஷணம் எல்லாம் சொல்லி முடித்தேன்.

ஒக்டோபர் 13

வயரின் நுனியில் பிளாஸ்டிக் மூடி. பார்த்தால் தெரியாத மாதிரிக் கண்ணாடி நிறம். மூடியோடேயே குத்தியிருக்கிறேன், மடைச்சி.

கழற்றினேன். நுனியில் சிவப்பாக ஒரு வெளிச்சம். செருகினேன், "டக்" என்று இருந்தது. பாட்டு! பாட்டு மட்டும்! பாடுகிறவள் மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. கதிரையில் ஏறி நின்று கத்தினேன்.

ஒக்டோபர் 19

மணி அடித்தது. வாசலில் சேயோன், கையில் ஒரு பை நிறைய வயர்.

"சஜிதாக்கா சொன்னவ, ஏதோ இரைச்சலாம் எண்டு."

உள்ளே பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. தலையைச் சரித்துக் கேட்டான்.

"இரைச்சல் இல்லையே. ஆர் பூட்டினது?"

"நான்தான்."

"உண்மையைச் சொல்லும்."

சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு எப்போதும் பிடிக்கும், சனியன். உள்ளே வரச்சொல்லித் தேநீர் போட்டேன். எதிரே வந்து இருந்தான். பழையபடி ஆகிவிடும்போல இருந்தது. பாட்டின் மிக நல்ல இடம் வந்தபோது எழும்பிப்போய் நிறுத்தினான்.

"பேஸ் சத்தம் கொஞ்சம் கூடிப்போச்சு. பொறும், வேறை வயர் போட்டுப் பாப்பம்."

அப்போதுதான் உறைத்தது. பதினொரு வருடத்தில் இந்த வீட்டில் ஒரு பாட்டையாவது நாங்கள் முடிவுவரை கேட்கவில்லை. அவன் பாட்டைக் கேட்பதில்லை. பிழையைத்தான் கேட்கிறான். பாட்டில், குழம்பில், என்னில்.

"அதை விடுங்கோ. பாட்டைப் போடுங்கோ."

"ஒரு நிமிசம், இந்த—"

"சேயோன். பாட்டைப் போடுங்கோ."

போட்டான். முடிவுவரை கேட்டோம். வாசலில் சப்பாத்துப் போட்டபடி கேட்டான்: "நான் திரும்பி வாறதைப் பற்றி யோசிச்சனீரோ?"

"யோசிச்சனான். வேண்டாம்."

மற்றச் சப்பாத்தின் நாடாவைக் கட்டினான். "பெட்டியள் உம்மட்டையே இருக்கட்டும்" என்றான். நல்லவன்தான். அதுதானே கரைச்சல்.

கதவைச் சாத்திவிட்டு என் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் நிலத்திலேயே இருந்தேன். கன நேரம்.

ஒக்டோபர் 22

விவாகரத்துக்கு வழக்கறிஞரைச் சந்திக்க டெர்மின் எடுத்துவிட்டேன். அக்காவுக்குச் சொன்னேன். அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு போனை வைத்துவிட்டாள்.

நவம்பர் 2

இன்றுதான் அக்கா திரும்ப எடுத்தாள்.

"என்ன செய்யிறாய்?"

"பாட்டுக் கேக்கிறன்."

பிரசங்கம் வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"எங்கடை வீட்டிலையும் ஒரு டாக் கிடக்கு," என்றாள் மெதுவாக. "உன்ரை அத்தான் தை மாசம் துவங்கிப் பூட்டுறார்."

"இப்ப பாடுதோ?"

"இல்லை. இப்ப டீவியும் வேலை செய்யேல்லை."

இருவரும் மூச்சு முட்டச் சிரித்தோம். நாளைக்கு வந்து நான் பூட்டித் தருகிறேன், அத்தானை மட்டும் அந்தப் பக்கம் விடாதேங்கோ என்றேன். வைக்கப்போனவள் வைக்கவில்லை.

"வழக்கறிஞரிட்டை தனியவோ போறாய்?"

"ஓம்."

"நானும் வாறன்," என்றாள் அக்கா. "ரெயினிலை வந்தா அவரிட்டைப் போக எங்கை இறங்கவேணும்?"