ஒன்பது கறுப்புக் கொட்டைகள்

என் அன்பு மனைவிக்கு,

வேலை கிடைத்துவிட்டது. இந்த ஆஸ்பத்திரியில் நிர்வாகிகள் ஒன்பது பேரும் பைக்குள் அவரைக்கொட்டை போட்டுத்தான் மருத்துவரைத் தேர்ந்தெடுப்பார்கள். கறுப்பு என்றால் சம்மதம். எனக்கு ஒன்பதும் கறுப்பு. மனுப் போட்டது நான் ஒருவன்தான். ஏன் என்று அன்று யோசிக்கவில்லை.

கொள்ளைநோய்க் கூடத்தின் முதல் கட்டிலில் கிடந்தவர், எனக்கு முன் இருந்த மருத்துவர் பாந்தோல்ஃபோ. நாடி பார்க்கக் கை நீட்டினேன். சிரித்தார்.

"வாங்க தம்பி. எனக்கும் ஒம்பதும் கறுப்புதான். நான் வந்தன்னிக்கு, பழைய வைத்தியரு இதே கட்டில்லதான் படுத்திருந்தாரு."

நேற்று அவரைத் தூக்கிப்போனார்கள். கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டாயிற்று. தரையில்கூட நோயாளிகள் கிடக்கிறார்கள். அந்தக் கட்டிலில் மட்டும் யாரையும் படுக்கவைக்கவில்லை.

குழந்தைகளோடு கிளம்பி வந்துவிடாதே. எழுத்து கோணலாக இருந்தால், குளிர் என்று நினைத்துக்கொள். படித்ததும் இதை எரித்துவிடு; குழந்தைகள் தொட வேண்டாம்.

உன்னவன்