கிணற்றில் தொங்கிய என்ஜின்

1947, மாசி மாதம், செவ்வாய்க்கிழமை.

இன்று எங்கள் தா.பழூர் கிணற்றுக்குள் ஆயில் என்ஜினை வடம் கட்டி இறக்கினார்கள். அடியில் என் வீட்டுக்காரர் நின்றார். பாதியில், மேலே வடம் பிடித்தவர்களில் ஓர் ஆளுக்குக் கால் வழுக்கியது. என்ஜின் ஒரு முழம்தான் சரிந்திருக்கும். அசையாமல் தொங்கியபோது அதைத் தாங்கியிருந்தவர்கள் அத்தனை பேரையும் கிணற்று விளிம்புவரை இழுத்துவிட்டது. அதே இரும்புதான், விழத் தொடங்கியதும் எங்கிருந்தோ அவ்வளவு பலம் வந்துவிட்டது. நானும் ஓடி வடத்தைப் பிடித்தேன்.

"மரத்துல ஒரு சுத்து போடுங்க!" என்று அடியிலிருந்து அவர் கத்தினார். சுற்றினார்கள். நின்றது. மெல்ல மேலே ஏற்றிவிட்டார்கள்.

நாளைக் காலை மறுபடி இறக்க வேண்டுமாம்.

"நீங்க வேணாம், வேற ஆளு எறங்கட்டுங்க" என்றேன்.

"அவனுக்கு மட்டும் பொண்டாட்டி இல்லையா?" என்றார்.

இரவில் தூக்கம் வராமல் விளக்கடியில் இதை எழுதுகிறேன். பக்கத்தில் அவரும் தூங்கவில்லை.