மோத ஒன்றுமில்லாத பாதை

அடியே,

இன்று காலை என் மகன் மிசிசாகாவிலிருந்து வெறும் பெட்டிகளோடு வந்து இறங்கினான். தன் வீட்டு பேஸ்மென்டை எனக்கென்று திருத்தி, பெயின்ற் அடித்து, கட்டிலும் வாங்கிப் போட்டிருக்கிறான். "சும்மா கொஞ்சச் சாமானை இப்பவே கட்டுவம் அம்மா, முடிவைப் பிறகு எடுப்பம்" என்று சொல்லிக்கொண்டே அலுமாரியின் அடி லாச்சியை இழுத்தவன், ஒரு கறுப்புக் கால்சட்டையை வெளியே எடுத்தான். குந்தும் இடத்தில் தலையணை மாதிரி மெத்தை வைத்துத் தைத்த கால்சட்டை. இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "அம்மா, வட் இஸ் திஸ்?" என்றான். நான் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல், கட்டிலில் குந்திக் கண்ணைத் துடைக்க வேண்டியதாகப் போயிற்று. பெடியன் பயந்துபோய்த் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போய்விட்டான். அந்த நேரத்துக்குள்தான் இதை எழுதுகிறேன்.

அதை வாங்கின சைக்கிள் கடையில் நீ என்னைப் படுத்தின பாடு நினைவிருக்கிறதா? "இதென்னடி, கிழடுகளுக்கு நப்பியோ?" என்று கடை முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டாய். நல்ல காலம், அங்கே தமிழ் ஆட்கள் இல்லை என்று நான் நினைத்தேன். பின்னால் வரிசையில் நின்ற மனுசி, "ஓம் அக்கா, ஆனா நல்ல சுகம்" என்றாள். நீ உடனே இரண்டு வாங்கினாய்.

உன் மனுசன் கண்ணை மூடின பிறகு மோர்னிங்சைட் அப்பார்ட்மென்டில் நீ தனியாக இருந்தாய். ஒருநாள் குளியலறையில் சறுக்கி, ஒன்றும் உடையாமல் எழும்பினாய். அன்றிலிருந்து உன் மகள் ஒவ்வொரு ஞாயிறும் மாதா கோயில் பூசை முடிய அதே கதைதான்: அப்பார்ட்மென்டை விட்டுவிட்டு யூனியன்விலுக்கு வாருங்கள், எங்களோடு இருங்கள். அவளும் பாசத்தில்தான் கேட்டாள். உனக்குத்தான் மனம் வரவில்லை. "அந்த வீட்டிலை கத்தரிக்காய் பொரிச்சா ஃபயர் அலாரம் அடிக்குது. அடிச்ச உடன நாலு பேர் புகையை விசுக்கத் துவாயோட ஓடி வருகினம். நான் என்னெண்டடி அங்கை சீவிக்கிறது?" என்று என்னிடம் வந்து அழுதாய். பகிடியாகச் சொன்னாலும் நீ அழுதது உண்மை.

அப்போதுதான் போனில் அந்த வீடியோவைப் பார்த்தாய். ஸ்பெயின் நாட்டில் ரயில் ஓடாமல் விட்ட தண்டவாளங்களைக் கழற்றி, சைக்கிளுக்குப் பாதை போட்டிருக்கிறார்கள். காரும் இல்லை, லொறியும் இல்லை. ஒலிவ் தோட்டங்களுக்குள்ளால், சுரங்கங்களுக்குள்ளால் நாள்கணக்காக ஓடலாம். ஏற்றமும் பெரிதாக இல்லை. "ரயில் ஏறின மேட்டிலை நான் ஏறமாட்டனோ? ரயிலை விடவோ நான் பாரம்?" என்று கேட்டாய். நான் உள்ளதைச் சொல்லியிருந்தால் நட்பு அன்றே முடிந்திருக்கும்.

மகளோடு ஒப்பந்தமும் போட்டுவிட்டு வந்தாய். அந்தப் பாதையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை, எந்த வாகனத்திலும் ஏறாமல், உன் காலாலேயே ஓடி முடித்தால் அவள் வீட்டுக் கதையை இனி எடுக்கக் கூடாது. நடுவில் வாகனத்தில் ஏறினால் யூனியன்வில். அவளுக்கு அம்மாவின் முழங்கால் தெரியும். அதனால்தான் சிரித்துக்கொண்டே ஓம் என்றாள். காவலுக்கு என்னைச் சேர்த்து அனுப்பினாள். "அன்ரி, யூ ஹாவ் டு டெல் மீ எவ்ரிதிங்" என்று என்னிடம் தனியாகவும் சொன்னாள்.

கோயில் ஆட்களிடம் ஸ்பெயினுக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னாய். அவர்கள் யாத்திரை என்று எடுத்துக்கொண்டார்கள். நீ மறுக்கவில்லை. ஆளாளுக்கு, என்ரை மகளுக்கு ஒரு கலியாணம் சரிவர வேண்டிக்கொள்ளுங்கோ, என்ரை இடுப்பு நோவுக்கு ஒரு திரி கொளுத்துங்கோ என்று கேட்டுவிட்டார்கள். பொய்யாகிவிடக் கூடாதென்று நீ வழியில் கண்ட கோயிலெல்லாம் சைக்கிளை நிறுத்தி மெழுகுதிரி கொளுத்தினாய். சைவ சமயக்காரி நான் வெளியே வெயிலில் நின்று இரண்டு சைக்கிளுக்கும் காவல்.

ஆனால் பாதை நீ சொன்ன மாதிரியே இருந்தது. முதல் இரண்டு நாளும் ஒரு குருவியும் எதிரே வரவில்லை. மத்தியானம் ஊர்க்கடையெல்லாம் பூட்டிக் கிடந்தது. பழைய ரயில் நிலையப் படிகளில் குந்தி, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன பருத்தித்துறை வடையும் மாசிச் சம்பலும் பாணும் சாப்பிட்டோம். சுரங்கத்துக்குள் நீ வேண்டுமென்றே என் பெயரைச் சொல்லிக் கத்துவாய். அது நாலு தரம் திரும்பி வரும். "பார், உன்ரை மனுசன் கூட இவ்வளவு தரம் கூப்பிட்டிருக்க மாட்டார்" என்பாய்.

மூன்றாம் நாள் ஒரு சுரங்கம் முடியும் வளைவில்தான் அது நடந்தது. மஞ்சள் சட்டை போட்ட ஸ்பெயின் கிழவர்கள் ஒரு கூட்டமாக எதிரே வந்தார்கள். நீ முன்னுக்கு, நான் பின்னுக்கு. அவர்கள் கத்தினார்கள். நீ அதைவிடப் பெரிதாக, "கரையிலை போங்கோவன்! கண் தெரியேல்லையோ?" என்று தமிழில் பேசிக்கொண்டே நேரே போய் முதல் கிழவரின் சைக்கிளில் மோதி, ஒலிவ் மரத்தடியில் முட்செடிக்குள் விழுந்தாய். மோத ஒன்றுமே இல்லாத பாதை என்று தேடிப் பிடித்து, அதில் மோதியும் காட்டினாயே, உன் பாஷையில் சொன்னால், சேசுவே!

பிழை யாருடையது என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இத்தனை வருடம் கனடாவில் நாங்கள் வலப்பக்கம் கார் ஓட்டினவர்கள். ஆனால் சைக்கிள் என்று கால் வைத்தது யாழ்ப்பாணத்தில், பள்ளிக்கூடம் போகத்தான். சைக்கிளில் ஏறின உடனே எங்கள் உடம்பு கேட்காமலே இடப்பக்கம் போயிருக்கிறது. இரண்டு நாளாக முழு ஸ்பெயினையும் பிழையான பக்கத்தில் ஓடியிருக்கிறோம். எதிரே ஒருவரும் வராதபடியால் தெரியவில்லை. நான் இதைச் சொன்னதும் நீ முட்செடிக்குள் இருந்தபடியே, "அப்ப நான் அவையிட்டை மன்னிப்புக் கேக்கோணுமோ?" என்றாய். முழங்கையில் இரத்தம், முழங்கால் வீங்கிக்கொண்டு வருகிறது.

கிழவருக்கு ஒன்றுமில்லை. அவருக்கு உன்னைப் பார்த்துத்தான் பதற்றம். போன் எடுத்து, கிட்டவுள்ள தெருக் கடவைக்குத் தங்கள் சாமான் ஏற்றி வரும் வானை வரவழைத்துவிட்டார். உன்னைக் கைத்தாங்கலாக அங்கே கொண்டு போனோம். வான் கதவு திறந்து கிடந்தது. உள்ளே குளிர்காற்று. "ஏறடி, காணும். உன்ரை மகளுக்கு நான் சொல்லமாட்டன்" என்றேன். மனதாரச் சொன்னேன், எனக்குப் பயமாக இருந்தது. கிழவர் உன் சைக்கிளைப் பின் சில்லில் பிடித்துத் தூக்க, நீ முன் சில்லை இறுக்கிப் பிடித்தாய். அவர் இழுக்கிறார், நீ இழுக்கிறாய். கடைசியில் நீ சைக்கிளில் கட்டியிருந்த பைகளை அவிழ்த்து வானுக்குள் எறிந்தாய். "உதுகளை ஏத்துங்கோ. என்னை ஏத்தாதேங்கோ" என்றாய். அந்த மனுசனுக்கு எந்த மொழியில் விளங்கியதோ, சைக்கிளை விட்டுவிட்டார்.

பிறகு அவர்கள் தங்கள் பயணத்தை விட்டுவிட்டு, திரும்பி எங்களோடு வந்தார்கள். கொஞ்சத் தூரம் நீ சைக்கிளை உருட்டி நொண்டினாய், பிறகு ஏறினாய். திருநாளில் மாதா சுருவத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் வருவது போல முன்னும் பின்னும் மஞ்சள் சட்டைகள். நீ கொஞ்சம் இடப்பக்கம் சரிந்தால் போதும், எல்லோருமாக "தெரேச்சா! தெரேச்சா!" என்று கத்துவார்கள். வலப்பக்கம் என்று அர்த்தமாம். நானும் சேர்ந்து கத்தினேன். அழுதுகொண்டும் கத்தினேன், அது உனக்குத் தெரியாது. அடுத்த நாள் கடைசி நிலையத்தில் நீ இறங்கிய போது உன்னால் நேராக நிற்க முடியவில்லை. அப்படியே கல்லில் குந்தி ஒரு வடை கேட்டாய்.

அன்று பின்னேரம் மகள் வீடியோவில் வந்தாள். உன் முழங்கை தெரியாமல் போனை எப்படிப் பிடிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். நீ போனைப் பறித்து, கட்டுப்போட்ட கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாய்.

"விழுந்தனான், பார்."

"ஓ மை கோட், அம்மா!"

"கத்தாதை. நீ பக்கத்திலை இருந்தாலும் விழுந்திருப்பன். விழுந்தாப் பிறகு என்ன செய்தனான் எண்டு அன்ரியைக் கேள்."

நான் சொன்னேன், முழுவதையும். அவள் கடைசி வரை கேட்டாள். பிறகு, "ஓகே அம்மா. இனி நான் அந்தக் கதை எடுக்கேல்லை" என்றாள். நீ போனை என்னிடம் தந்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பி மூக்கைச் சீறினாய்.

அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். போன மாரிக் குளிரில், உன் அப்பார்ட்மென்டில், உன் கட்டிலில், நித்திரையிலேயே நீ போய்விட்டாய். செத்தவீட்டில் உன் மகள் என் கையைப் பிடித்து, "அன்ரி, நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கோணுமோ?" என்று கேட்டாள். "இல்லை பிள்ளை. கொம்மா தான் ஆசைப்பட்ட இடத்திலை ஆசைப்பட்ட மாதிரி இருந்திட்டுப் போனவ. அது நீ குடுத்தது" என்றேன். அவள் என் தோளில் விழுந்து அழுதாள். நானும் அழுதேன்.

தேத்தண்ணி ஆறுகிறது என்று மகன் கூப்பிடுகிறான். நல்ல பிள்ளை, அவன் முகம் வாடப்போகிறது. நான் எழும்பிப் போய், மிசிசாகாவுக்கு வரவில்லை, இங்கேயே இருக்கப் போகிறேன் என்று சொல்லப்போகிறேன். அந்தத் துணிவு உன்னோடு ஓடினதில் எனக்கும் ஒட்டிக்கொண்டதுதான், இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆனால் சொல்லி முடித்து, அவன் கார் போன பிறகு, "சொல்லிப்போட்டனடி" என்று போன் எடுக்க எனக்கு ஆள் இல்லை. அதுதான், அவனுக்குச் சொல்ல முதல் உனக்குச் சொல்லிவிட்டுப் போகிறேன்.