காரின் முதுகில் ஒரு நம்பர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கப்பா, என் தையல் மெஷின் மூன்று பேரும் நலம், மெஷினுக்கு மட்டும் மூட்டில் கொஞ்சம் முனகல், எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். அங்கே நீ நலமா, உன் இருமலை இன்னும் கூடவே வைத்துக்கொண்டு திரிகிறாயா, இல்லை வீட்டை விட்டு அனுப்பிவிட்டாயா என்று எழுது. பல் டாக்டர்களுக்கு நாற்காலி விற்கிற புதுக் கம்பெனியில் உன்னை எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த நாற்காலியைக் கண்டாலே தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தி, டாக்டர் விரலைக் கடித்துவிட்டு ஓடி வந்த பெண் நீ, இப்போது அதையே ஊர் ஊராகப் போய் விற்கப் போகிறாய். அந்த டாக்டர் உயிரோடுதான் இருக்கிறார், முதல் நாற்காலியை அவருக்கே விற்றுவிடு.

கம்பெனி கார் வாங்கிக்கொள்ளவா, கார் வேண்டாம் என்று சொல்லிச் சம்பளத்தைக் கூட்டிக் கேட்கவா என்று அப்பாவிடம் கேட்டாயாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். அவர் உனக்கு ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, இந்த விஷயத்துல அனுபவம் உனக்குத்தான் ஜாஸ்தி, நீயே எழுது என்றார். எழுது என்றாரே தவிர பேசு என்று சொல்லவில்லை, கவனித்தாயா. இந்த வீட்டில் இப்போது நான் போனைக் கையில் எடுத்தாலே அவர் முகம் மாறிவிடுகிறது, யாருக்குப் பண்றே யாருக்குப் பண்றே என்று குளியலறையிலிருந்துகூடக் கேட்கிறார். ஏன் என்று தெரிய வேண்டுமானால் கடைசி வரை படி, உன் வழக்கப்படி பாதியில் தூங்காதே.

உங்கப்பாவை லிப்ட் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆக்கி வெள்ளைக் கார் கொடுத்தது உனக்குத் தெரியும், போட்டோ அனுப்பினோம். அதற்குப் பிறகு நடந்ததை உனக்குச் சொல்லக் கூடாது என்று அவர் உத்தரவு போட்டிருந்தார், இப்போதுதான் உத்தரவு தளர்ந்திருக்கிறது. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் அவர்களுடையது, டயர் பஞ்சர் ஆனால் அவர்களுடையது, மழையில் நனையாமல் போகலாம். முன்பு நான் தைத்த திரைச்சீலை மூட்டையைக் கொண்டுபோய்க் கொடுக்க மோட்டார் சைக்கிளில் போனால் அவருக்கும் எனக்கும் நடுவில் மூட்டை உட்காரும், முன்னால் இருப்பது புருஷன்தானா என்று இறங்கும்போதுதான் தெரியும். காரில் அந்த மூட்டைக்குத் தனி சீட். குடும்பத்தார் மட்டும்தான் ஏறலாம்னு கம்பெனி பேப்பர்ல போட்டிருக்கு என்றார். இருபத்தேழு வருஷமா நம்மகூடவே இருக்கு, இது குடும்பம் இல்லாம வேற என்ன என்றேன். உடனே மூட்டைக்கு பெல்ட் போட்டுவிட்டார். கார் வந்த ஒரே வாரத்தில் மோட்டார் சைக்கிளை முக்குக் கடை பேக்கரிக்காரருக்கு விற்றார், இனிமே நமக்கு எதுக்கு என்று ஒரு பேச்சு வேறு. நான் சீட்டுகளுக்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டேன், தலை சாய்க்கிற இடத்துக்குக்கூடக் குட்டிக் குட்டிப் பையாகத் தைத்தேன்.

இனி கெட்டது. அந்தப் பேப்பர் நாலு பக்கம், உங்கப்பா மூன்று பக்கம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நாலாவது பக்கத்தில் இரண்டு விஷயம் இருந்தது. லிப்ட் எங்காவது நின்றுபோனால் ஞாயிற்றுக்கிழமையானாலும் கார் வைத்திருக்கிறவர்தான் போக வேண்டும், இது ஒன்று. முன்பு நாலு பேர் முறை வைத்துப் போனார்கள், மாதத்தில் ஒரு ஞாயிறுதான் நமக்கு. இப்போது நாலு ஞாயிறும் நமக்கே, உங்ககிட்டதான் கார் இருக்கே என்று மற்ற மூன்று பேரும் கால் நீட்டிப் படுத்துக்கொண்டார்கள். வண்டியை நமக்குக் கொடுத்துவிட்டு மனுஷனை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இன்னொன்று, காரின் முதுகில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்த வாசகம், இந்த வண்டி சரியாக ஓட்டப்படுகிறதா, இந்த நம்பருக்குச் சொல்லுங்கள் என்று. ஒரு வருஷத்தில் மூன்று புகார் வந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

உங்கப்பா ஓட்டுகிற அழகை நீ பார்க்கவில்லை. லிப்ட் ஓடுகிற மாதிரிதான் காரும் ஓட வேண்டும் என்று நினைப்பு அவருக்கு. ஆட்டம் இல்லாமல் கிளம்பி, ஒவ்வொரு முக்கிலும் பூப்போல நிறுத்தி, கதவு திறந்து ஆள் இறங்கப் போகிற மாதிரி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் அடுத்த தெருவுக்குப் போவார். ஒருநாள் உன் மாமா வந்து, மச்சான், உங்க வண்டி பின்னாடி எழுதியிருக்கறதைப் படிச்சுக்கிட்டே நடந்தேன், படிச்சு முடிச்சுப் பார்த்தா உங்களுக்கு முன்னாடி நிக்கிறேன் என்றான். பின்னால் வருகிறவர்களுக்கு ஹாரன் அடித்துக் கை வலித்தால் வேறு என்ன செய்வார்கள், கண்ணுக்கு நேராக நம்பர் இருக்கிறது. முதல் புகார் பால் வண்டிக்காரர், அந்தக் காருக்குள்ள ஆள் இருக்காரா, இல்ல அது தானா உருளுதா என்று கேட்டாராம். இரண்டாவது புகார் கொடுத்தது ஒரு சைக்கிள்காரர். கார் தன்னைத் தாண்டவும் இல்லை, ஹாரன் அடிக்கவும் இல்லை, கடைத்தெரு முழுக்கப் பின்னாலேயே வந்தது, யாரோ தன்னைப் பிடிக்க வருகிறார்கள் என்று பயந்து ஒரு துணிக்கடைக்குள் புகுந்துவிட்டதாகச் சொன்னாராம். பாவம், உங்கப்பா அவருக்கு வழிவிட்டுப் போயிருக்கிறார்.

இரண்டு புகார் சேர்ந்ததும் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது, இன்னும் ஒன்று வந்தால் சாவி மேஜைக்கு வர வேண்டும் என்று. அன்றைக்கு அவர் சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். மோட்டார் சைக்கிளும் இல்லை, இருபத்தேழு வருஷம் எண்ணெய்க் கறையோடு இருந்த மனுஷருக்கு முதல் முறையாகக் கிடைத்த மரியாதை அது, அதையும் பிடுங்கிவிட்டால் ஆபீஸில் எப்படித் தலை காட்டுவார். எனக்கு மனசு கேட்கவில்லை. கெட்டது சொல்ல நம்பர் இருந்தால் நல்லது சொல்லவும் அதே நம்பர்தானே, இரண்டு கெட்டதுக்கு நாலு நல்லதைப் போட்டால் அடிபட்டுப் போய்விடும் என்று நானே முடிவு பண்ணிவிட்டேன். அவர் வேலைக்குப் போனதும் போனை எடுத்தேன். முதல் நாள் நான் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. குரலைக் கனமாக்கி, இப்படி ஒரு ஒழுக்கமான ஓட்டுநரை என் சர்வீஸ்லயே பார்த்ததில்லை என்றேன். மறுநாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கைத்தடி வைத்த கிழவி, ரோட்டைக் கடக்க வண்டியை நிறுத்தினாரு, மகராசன் நல்லா இருக்கணும் என்றேன். அதற்கடுத்து ஒரு டாக்டர் பெண்சாதி, அப்புறம் ஒரு கர்ப்பிணி. ஒரே வாரத்தில் நாலு பேர் ஆகிவிட்டேன், நன்றாகத்தான் இருந்தது, கல்யாணத்துக்கு முன்னால் நாடகத்தில் சேர்ந்திருக்கலாம். போனை எடுக்கிற பெண் ஒவ்வொரு முறையும் சரிங்கம்மா சரிங்கம்மா என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைதான் என் நாக்கு என்னைக் கவிழ்த்தது. தொடர்ந்து மூன்றாவது ஞாயிறு, மத்தியானம் உங்கப்பா தட்டில் கை வைக்கிற நேரம் பார்த்து போன் அடித்தது. அதே ஏழு மாடிக் கட்டடம், அதே லிப்ட், உள்ளே அதே பாட்டு டீச்சர், மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நின்றுகொண்டு ஸ்வரம் பாடிக்கொண்டிருக்கிறாராம். இவர் கண்ணில் தூக்கத்தோடு கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். எனக்கு வந்தது பார் ஆத்திரம், அந்த நம்பருக்கே போட்டேன். அந்தப் பெண்ணுக்கும் ஞாயிற்றுக்கிழமை வேலைதான் போலிருக்கிறது, அவளே எடுத்தாள். தலைமை ஆசிரியையாகத்தான் ஆரம்பித்தேன். அவர் நல்லாத்தான் ஓட்டுறாரு, ஆனா கண்ணு ரெண்டும் தூக்கத்துல சொருகுது, நீங்கல்லாம் மனுஷங்களா, மூணு வாரமா ஞாயித்துக்கிழமை சாப்பாட்டை ஒரு வாய் முழுசா முழுங்க விட்டீங்களா, இன்னிக்கும் தட்டு அப்படியே இருக்கு, நான்தான் மூடி வெச்சிருக்கேன் என்று சொல்லிவிட்டேன். பிறகு அவள் மெதுவாக, அம்மா, நீங்க ரோட்டுல எந்த இடத்துல நின்னு பார்த்தீங்க என்று கேட்டாள். ஓரமாத்தான் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிறகுதான் தெரிந்தது, அந்தப் பெண் நிரப்புகிற படிவத்தில் பாராட்டு எழுதக் கட்டமே கிடையாதாம். நான் நாலு வேஷம் போட்டுச் சொன்ன நாலு நல்ல வார்த்தையும் காற்றோடு போயிருக்கிறது. ஆனால் ஓட்டுநர் தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிறார் என்பதற்குக் கட்டம் இருக்கிறதாம், எழுதாமல் விட்டால் அவள் வேலைக்கு ஆபத்தாம், எழுதிவிட்டாள். ஆக உங்கப்பாவுக்கு மூன்றாவது புகார் கொடுத்தது அவர் கட்டிய மனைவி.

மறுநாள் மேனேஜர் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பதிவாகியிருந்த என் ஐந்து பேச்சையும் போட்டுக் காட்டியிருக்கிறார். முழுக்கக் கேட்க வைத்துவிட்டு, இந்தக் குரல் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாராம். உங்கப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, யாரோ தலைமை ஆசிரியைன்னு சொல்றாங்களே சார், எனக்குப் பழக்கம் இல்லீங்க என்று சொல்லிவிட்டுச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். ஒரு வார்த்தை, என் வீட்டுக்காரிதான், புத்தி இல்லாமப் பேசிட்டா என்று சொல்லியிருந்தால் கார் தப்பியிருக்கும். சொல்லவில்லை. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினார், ஒரு கையில் கண்ணாடி துடைக்கிற துணி, இன்னொரு கையில் நான் தைத்த பூப்போட்ட உறைகள். நாற்காலியில் உட்கார்ந்தார், என்னைப் பார்த்தார், தலைமை ஆசிரியை அம்மா, ஒரு செம்பு தண்ணி கிடைக்குமா என்றார்.

நான் சிரித்தே பழகியவள், அன்றைக்கு அழுதுவிட்டேன் கண்ணு. திட்டியிருந்தால்கூடத் தேவலை. தண்ணியைக் குடித்துவிட்டு, அந்தக் கர்ப்பிணி யாருன்னு மட்டும் சொல்லிடு, ஆபீஸ்ல எல்லாரும் கேக்கறாங்க என்றார். அதற்குப் பிறகு ஒரு மாதம் பஸ்தான். பக்கத்து வீட்டுப் பூனை காரின் மூடிமேல் படுத்துப் பழகியது, அது தினமும் வந்து காலி இடத்தை முகர்ந்து பார்த்துவிட்டு எங்களை முறைத்துவிட்டுப் போகும். இவரும் ஜன்னல் வழியாக அதே இடத்தைத்தான் பார்ப்பார், முறைக்க மட்டும் மாட்டார். சீட் உறைகளைச் சாப்பாட்டு நாற்காலிகளுக்குப் போட்டிருக்கிறேன், தலைக்குத் தைத்த பைகள் மேலே தொப்பி மாதிரி துருத்திக்கொண்டு நிற்கின்றன, வருகிறவர்கள் எல்லாம் ஏற்கெனவே நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று நினைத்து வெளியிலேயே நிற்கிறார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கார் அவர்கூட வேலை பார்க்கிற ஸ்பேனருக்குப் போனது, ஆள் ஒல்லியாக நீளமாக இருப்பதால் அந்தப் பேர். ஞாயிற்றுக்கிழமைக் கூப்பாடும் காரோடு சேர்ந்து அவருக்கே போய்விட்டது. அந்த முதல் ஞாயிறு உங்கப்பா தட்டை முழுசாகக் காலி பண்ணினார், இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார், பிறகு நாலு மணி வரைக்கும் குறட்டை. எழுந்ததும் பதறிப்போய்ச் சாவியைத் தேடினார், இல்லை என்று ஞாபகம் வந்ததும் மறுபடி படுத்துக்கொண்டார். இருபத்தேழு வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்போடு அவர் தூங்கி நான் பார்த்ததில்லை.

போன மாதம் மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். ஸ்பேனர் ஓட்டிய வேகத்துக்கு ஒரே மாதத்தில் ஐந்து புகாராம், உங்க மேல புகார் வந்தாலும் யாருக்கும் நெஞ்சு அடைச்சதில்ல, காரை நீங்களே எடுத்துக்குங்க என்றாராம். உங்கப்பா உடனே கை நீட்டவில்லை. எடுத்துக்கறேன் சார், ஆனா சனிக்கிழமை சாயங்காலம் சாவியை இங்கயே மாட்டிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன், ஞாயித்துக்கிழமைக்குப் பழையபடி நாலு பேரும் முறை போட்டுக்குங்க, யார் முறையோ அவர் எடுத்துட்டுப் போகட்டும் என்றிருக்கிறார். அப்படியெல்லாம் பேப்பர்ல இல்லையே என்றாராம் மேனேஜர். சரிங்க சார், எதுக்கும் தலைமை ஆசிரியை அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் என்றாராம் இவர். மேனேஜருக்கு அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு வந்துவிட்டது, பேனாவை எடுத்து நாலாவது பக்கத்தில் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இப்போது திங்கள் முதல் வெள்ளி வரை காரில் பூப்போல வருகிறார், சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் பஸ்ஸில் வந்து இறங்குகிறார். அந்த இறங்குகிற தோரணையை நீ பார்க்க வேண்டும், பஸ்ஸே அவருடையது மாதிரி இருக்கும்.

அதனால் காரை வாங்கிக்கொள், நாற்காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன்னால் பஸ் ஏற முடியாது. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கடைசிப் பக்கத்தைப் படி, ஞாயிற்றுக்கிழமை யாருடையது என்று வாய் திறந்து கேள், அவர்கள் முழித்தால் எழுதி வாங்கிக்கொள். உன் பழைய ஸ்கூட்டரை அவசரப்பட்டு விற்காதே, பேக்கரிக்காரர் நம் மோட்டார் சைக்கிளைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறார், பக்கத்தில் போனால் பன் வாசனை வருகிறது, உங்கப்பா போய் மோந்து பார்த்துவிட்டு வருகிறார். வேளைக்குச் சாப்பிடு, பாதியில் எழுந்து ஓடாதே, இருமலுக்கு வெந்நீர் குடி. நீ போகிற வழியெல்லாம் நல்ல வழியாக இருக்கட்டும், நீ விற்கிற நாற்காலியில் உட்காருகிற யாரும் உன்னைப் போலக் கடிக்காமல் இருக்கட்டும், எங்கள் இரண்டு பேர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே. உனக்குக் கொடுக்கிற காரின் முதுகிலும் ஒரு நம்பர் ஒட்டியிருந்தால், அதை எனக்கு மட்டும் சொல்லிவிடாதே, என் கை சும்மா இருக்காது.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஐந்தாம் வகுப்பு வரை படித்த தலைமை ஆசிரியை