ஜென்ஷியன் மூடிக்கொண்ட நண்பகல்

நாள் 212. காலை 6.30
எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் ஜென்ஷியனைப் பார்த்தேன். விளக்கைப் போட்ட இருபது நிமிடத்தில் நீல இதழ்கள் விரிந்தன. இமயத்தில் பனிக்கு அருகே முளைக்கும் விரலளவுச் செடி. வெளிச்சம் இருந்தாலும் குளிர் ஏறினால் பூ மூடிக்கொள்ளும். இப்போது ஒரு பூ, ஒரு மொட்டு. அறை 18.4 டிகிரி. செவ்வாய் நிலையத்தில் நான் மட்டும்: சண்முகநாச்சியார், வயது 46, தாவரவியல். அடுத்த கப்பலுக்கு 61 நாள்.

நாள் 213. பகல் 12.05
விளக்கு எரிகிறது. பூ மூடியிருக்கிறது. சுவரிலுள்ள வெப்ப மீட்டர் 18.4. எனக்கும் காலையிலிருந்து குளிர்கிறது. ஆனால் ஆறு மாதமாகவே திடீரென்று வேர்க்கிறது, திடீரென்று நடுங்குகிறது. மாதவிடாய் நிற்கும் வயது. என் உடம்பு சொல்வதை நான் கேட்பதை விட்டுவிட்டேன். பூமிக்குச் செய்தி அனுப்பினேன்.

பகல் 12.50
கட்டுப்பாட்டு அறையிலிருந்து எட்வின்: “அக்கா, மீட்டர் சரியாத்தான் காட்டுது. இந்த வயசுல அப்படித்தான் இருக்கும்னு டாக்டர் சொன்னாங்கல்ல. பூவுக்கும் உங்க வயசோ என்னமோ.”
சிரித்தேன். ஆனால் உட்கார முடியவில்லை. எட்டடி அறையில் எத்தனை முறை நடந்தேனோ.

பிற்பகல் 3.30
தொட்டி மண்ணில் குத்தும் கண்ணாடி வெப்பமானியை எடுத்து அறை நடுவே தொங்கவிட்டேன். 9 டிகிரி. மீட்டரின் பதிவைப் பார்த்தேன். நேற்றுக் காலையிலிருந்து 18.4, ஒரு புள்ளி அசையவில்லை. அது செத்துவிட்டது, கடைசி எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கிறது. வெப்பக் குழாயில் கசிவு. அடைத்தேன். உள்ளே ஓடும் சூட்டுத் திரவம் பாதிக்கு மேல் போய்விட்டது. இனி மின்சாரத்தில்தான் சூடு.

நாள் 214. காலை 9.00
எட்வின்: “மன்னிச்சிருங்கக்கா. நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணும். இருக்கிற கரண்ட் உங்க படுக்கைச் சூட்டுக்கு மட்டும்தான் காணும். செடி விளக்கை அணைச்சிருங்க. நான் சொல்லல, மேல சொல்றாங்க.”
சரி என்று பதில் அனுப்பினேன்.

காலை 11.40
அணைக்கவில்லை. தொட்டியைப் படுக்கையருகே வைத்திருக்கிறேன். அவர்கள் கணக்கு சரிதான், மூன்று முறை போட்டுப் பார்த்தேன். ஆனால் இந்த நிலையத்தில் பொய் சொல்லாதது இது ஒன்றுதான். இதற்குக் குளிர் பழக்கம், வெளிச்சம் போதும். நான் கோவில்பட்டிக்காரி. எனக்கு நேர்மாறு.
மொட்டு இன்னும் விரியவில்லை.
இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும், விளக்கு எரிந்துகொண்டிருந்தால் முதலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். என்னை அப்புறம் பார்க்கலாம்.
படுக்கையின் சூட்டுக் கம்பியைக் கழற்றப் போகிறேன். அந்த மின்சாரம் விளக்குக்கு. எட்வினிடம் சொல்லவில்லை.