கதாநாயகன் வைத்த மீன் குழம்பு

என்னங்க,

அச்சகத்துக்குப் போகிறேன். விரால் மீனைக் கழுவி, மஞ்சள் தடவி ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மாரெட்பள்ளியிலிருந்து பிளெசி என்று ஒரு வாசகி வருகிறார். என் புது நாவலில் கதாநாயகன் காதலிக்கு வைத்துக் கொடுக்கிற மீன் குழம்பை அப்படியே வைத்துப் பார்த்தாராம். "ஒரே புளிப்பு மேடம், வாயில வைக்க முடியல. உங்க ஹீரோவுக்குச் சமைக்கத் தெரியாது" என்று போனில் ஒரே சிரிப்பு. மாங்காயும் போட்டு, எலுமிச்சை அளவு புளியும் கரைக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

அது உங்கள் குழம்பு என்று எனக்கும் தெரியும். "என்னைக் கேக்காம எழுதிட்டல்ல? இனிமே மீன் குழம்பு நக்கோ, வேணவே வேணாம்" என்று மூன்று ஞாயிறாக ரசம் மட்டும் வைக்கிறீர்கள். எழுதியதற்கு நான் வருத்தப்படவில்லை. உங்கள் ரேடியோ ரிப்பேர், என் குரோஷா பின்னல், நம் வீட்டு அடுப்படி, இதெல்லாம் இல்லாமல் எனக்குக் காதல் கதை வராது. அடுத்த நாவலிலும் வரும். இப்போதே சொல்லிவிட்டேன்.

ஆனால் பிளெசிக்கு நீங்கள்தான் வைத்துக் காட்ட வேண்டும். உங்கள் மானமும் சேர்ந்துதான் போகிறது.

பியூலா

சாப்பாட்டு மேஜையில் பிரித்துப் போட்ட ரேடியோவை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. முப்பது வருஷமாக அந்தக் குழம்பைச் சாப்பிடுகிறேன். நீங்கள் அடுப்படியில் நிற்கும்போதெல்லாம் நான் முன்னறையில் எழுதிக்கொண்டிருப்பேன், ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. நாலு மணிக்கு வந்துவிடுவேன். நான் வந்து பக்கத்தில் நிற்கும்வரை புளியைக் கரைக்காதீர்கள்.